பராமரிப்புத் திட்டத்தை உரியவரிடமிருந்து தொடங்குவது எப்படி

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதற்கு முன்பு நடக்கும் குடும்பச் சந்திப்பில் பெரும்பாலும் மூத்த மகன் பேசுவார், மகள் குறிப்பெடுப்பார், மருத்துவச் சமூக ஊழியர் படிவத்தை நிரப்புவார். யாருக்காக அந்தச் சந்திப்போ அந்த அம்மா சக்கர நாற்காலியில் அமர்ந்து எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே எடுக்கப்படும் முடிவுகள் தவறானவை என்று சொல்வதற்கில்லை. பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் ஓர் இடம், குளியலறையில் கைப்பிடி, பணிப்பெண்ணுக்குப் பயிற்சி எல்லாமே தேவைதான். ஆனால் காலையில் எத்தனை மணிக்கு எழ விரும்புகிறார், யார் குளிப்பாட்டினால் அவருக்குக் கூச்சமிராது, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை விட்டுவிட அவருக்குச் சம்மதமா என்பவை எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. சிறப்புக் கல்விப் பள்ளியை 18 வயதில் முடிக்கும் இளைஞரின் விஷயத்திலும் இதுவே நடக்கிறது. எந்த நிலையத்தில் இடம் காலியாக இருக்கிறதோ அதுவே அவருடைய எதிர்காலமாகிவிடுகிறது.

அந்த வரிசையைத் திருப்பிப் போட விரும்பும் குடும்பங்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. முதலில் மனிதர், அடுத்து அவருடைய நாள், அதற்குப் பிறகே சேவை என்று திட்டமிடும் முறை 1980களில் வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வடிவம் பெற்றது. பெரிய காப்பகங்களை விட்டு வெளியேறி ஊருக்குள் வாழத் தொடங்கிய அறிவுத்திறன் குறைபாடுடையோருடன் பணியாற்றியவர்கள் அதை உருவாக்கினார்கள். பின்னர் அது முதியோர் பராமரிப்புக்கும் பரவியது. சிங்கப்பூரில் உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு ஒப்பந்தத்தை அரசாங்கம் 2013இல் உறுதிப்படுத்தியது. 2022இல் உடற்குறையுள்ளோருக்கான 2030 பெருந்திட்டமும், 2023இல் மூத்தோருக்கான ‘ஏஜ் வெல் எஸ்ஜி’ திட்டமும் அறிவிக்கப்பட்டன. ஆனால் ஆவணங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், உரியவரைக் கேட்காமலே அவர் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் பழக்கம் பெரும்பாலும் வீட்டிலேயே தொடங்குகிறது. அதற்குக் காரணம் அலட்சியமன்று, அன்புதான் என்பதால் அதை அடையாளம் காண்பதும் கடினம்.

முடிவு யாருடையது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

2008இல் நிறைவேறி 2010 மார்ச் மாதம் நடப்புக்கு வந்த மன ஆற்றல் சட்டம் இந்த விஷயத்தில் பல குடும்பங்கள் நினைப்பதைவிட உரியவரின் பக்கமே அதிகம் நிற்கிறது. ஒருவருக்கு முடிவெடுக்கும் ஆற்றல் இல்லை என்று நிறுவப்படும்வரை அவருக்கு அது உண்டு என்றே கொள்ள வேண்டும். அவர் முடிவெடுக்க உதவக்கூடிய நடைமுறை வழிகளையெல்லாம் முயன்று பார்க்காமல் அவரால் முடியாது என்று ஒதுக்கக் கூடாது. பிறர் கண்ணுக்கு விவேகமற்றதாகத் தோன்றும் முடிவை எடுத்தார் என்பதற்காக மட்டுமே அவரை ஆற்றல் இழந்தவராகக் கருதவும் கூடாது.

ஆற்றல் என்பது ஒட்டுமொத்தமாக இருப்பதோ இல்லாமற்போவதோ அன்று. குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட முடிவைப் பற்றியே அது பார்க்கப்படுகிறது. தகவலைப் புரிந்துகொள்ள முடிகிறதா, முடிவெடுக்கும் அளவுக்கு அதை நினைவில் நிறுத்த முடிகிறதா, சாதக பாதகங்களைச் சீர்தூக்க முடிகிறதா, எந்த வழியிலாவது முடிவைத் தெரிவிக்க முடிகிறதா என்பவையே கேள்விகள். முதுமை மறதி நோய் உள்ள ஒருவரால் வீட்டை விற்பது பற்றி முடிவெடுக்க முடியாமல் இருக்கலாம். அதே நாளில் எந்தச் சேலையை உடுத்துவது, யார் தலைக்கு எண்ணெய் வைப்பது, பகல்நேர நிலையத்துக்கு வாரத்தில் எத்தனை நாள் போவது என்பவற்றை அவரால் தெளிவாகச் சொல்ல முடியலாம். ஆற்றல் உண்மையிலேயே இல்லாத விஷயங்களிலும், அவர் சார்பில் முடிவெடுப்பவர் அவருடைய முந்தைய, இன்றைய விருப்பங்களையும் உணர்வுகளையும் நம்பிக்கைகளையும் கருத்தில்கொள்ள வேண்டும் என்றும், இயன்றவரை அவரையும் அந்த முடிவில் பங்கேற்கச் செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

ஆகவே முதல் வேலையாக ஒரு தாளில், வரும் மாதங்களில் எடுக்க வேண்டிய முடிவுகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அவரே முடிவெடுப்பார், உதவியோடு முடிவெடுப்பார், அவர் விருப்பத்தை அறிந்து நாங்கள் எடுப்போம் என்று குறித்துப் பாருங்கள். மூன்றாவது வகையில் நிறையச் சேர்ந்துவிட்டால் நீங்கள் அவசரப்பட்டிருக்க வாய்ப்புண்டு.

கேட்கும் விதம்

‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று நம் வீட்டுப் பெரியவர்களிடம் நேரடியாகக் கேட்டால், ‘எனக்கென்னப்பா வேண்டியிருக்கு, நீங்கள்லாம் நல்லா இருந்தா போதும்’ என்ற பதிலே வரும். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது வசதியானது, ஆனால் நியாயமானதன்று. பிள்ளைகளுக்குப் பாரமாக இருந்துவிடக் கூடாது என்ற எண்ணத்தில் பிறக்கும் பதில் அது. விருப்பத்தைக் கேட்பதற்குப் பதிலாக நாளைக் கேளுங்கள். நேற்று விழித்ததிலிருந்து படுக்கும்வரை என்ன நடந்தது, அதில் எது நன்றாக இருந்தது, எந்த நேரம் நகரவே இல்லை, எதைச் செய்தபோது கோபம் வந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் தாராளமாகப் பேசுவார்கள். மனத்துக்குப் பிடித்த ஒரு நாள் எப்படிப் போகும், பிடிக்காத நாள் எப்படிப் போகும் என்ற இரண்டு விவரணைகளைச் சேகரித்துவிட்டால் திட்டத்தில் பாதி எழுதப்பட்டுவிட்டது என்றே கொள்ளலாம்.

கேட்பவர் யார் என்பதும் முக்கியம். மகனிடம் சொல்லாததை மருமகளிடமும், மருமகளிடம் சொல்லாததைப் பக்கத்து வீட்டு மலாய்க்காரத் தோழியிடமும் சொல்லும் பெண்மணிகள் உண்டு. குளியல், கழிவறை, உள்ளாடை போன்றவற்றைப் பற்றி ஆண் பிள்ளைகள் கேட்காமலிருப்பதே நல்லது. செவிப்புலன் கருவியும் கண்ணாடியும் அணிந்திருக்கிறாரா, வலி மாத்திரை வேலை செய்யும் நேரமா, காலையில் தெளிவாக இருப்பவரா மாலையில் தெளிவாக இருப்பவரா என்பதைப் பார்த்து உட்காருங்கள். ஒரே அமர்வில் முடிக்க முயலாதீர்கள்.

மொழி குறித்தும் ஒரு வார்த்தை. மூத்தவர்களிடம் தமிழில் பேசுவது இயல்பாகத் தோன்றும். ஆனால் சிறப்புக் கல்விப் பள்ளியில் ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்த இளையர் பலருக்கு வீட்டுத் தமிழ் புரிந்தாலும் தங்கள் எண்ணத்தைச் சொல்வதற்கு ஆங்கிலமே கைகொடுக்கிறது. எந்த மொழியில் அவருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல எளிதாக இருக்கிறதோ அந்த மொழியைத் தேர்ந்தெடுங்கள்.

தெரிவுகளைச் சொல்லும்போது அவை உண்மையான தெரிவுகளாக இருக்கட்டும். நிலையத்துக்குப் போகிறீர்களா, வீட்டில் தனியாக இருக்கிறீர்களா என்று கேட்பது தெரிவைப் போலத் தோன்றும் மிரட்டல். இரண்டு நிலையங்களை நேரில் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு காலைப்பொழுது இருந்துவிட்டு வந்த பிறகு கேட்பதே தெரிவு. பார்த்திராத ஒன்றைப் பற்றி முடிவெடுக்கச் சொன்னால் எவருமே ‘வேண்டாம்’ என்றுதான் சொல்வார்கள்.

பேச்சால் சொல்ல முடியாதவர்களிடம்

ஆட்டிசம், பெருமூளை வாதம், பக்கவாதத்துக்குப் பிந்தைய பேச்சிழப்பு, முற்றிய மறதி நோய் ஆகியவற்றில் சொற்கள் கிடைக்காமல் போகலாம், விருப்பம் போய்விடுவதில்லை. இங்கே குடும்பத்தினர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை நான்கு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணையைச் சில வாரங்களுக்கு நிரப்பி வருவதுதான். என்ன நடந்துகொண்டிருந்தது, அவர் என்ன செய்தார், அதன் பொருள் என்ன என்று நாங்கள் நினைக்கிறோம், அப்போது என்ன செய்ய வேண்டும் என்பவையே அந்தப் பத்திகள். குளிப்பாட்டப் போகும்போது அம்மா கையைத் தட்டிவிடுகிறார் என்றால், ‘ஒத்துழைக்க மறுக்கிறார்’ என்று எழுதிவிட்டால் கதவு மூடிவிடும். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்ததா, முழு உடையையும் ஒரேயடியாகக் களைந்தார்களா, கதவு திறந்திருந்ததா, அன்று வந்தவர் புதியவரா என்று எழுதிவைத்தால் சில நாள்களிலேயே ஒரு காரணம் தலைகாட்டும். மேலே ஒரு துண்டைப் போர்த்திவிட்டுக் கீழிருந்து கழுவத் தொடங்கினாலே போதும் என்று தெரியவரும் வீடுகள் பல.

படங்கள், கைப்பேசியில் எடுத்த நிழற்படங்கள், தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள்கள் ஆகியவற்றைக் காட்டிக் கேட்கலாம். முறையாகச் செய்வதற்குப் பேச்சு சிகிச்சையாளரின் உதவியைக் கேளுங்கள். கேள்வியைத் தலைகீழாக்கி மறுபடி கேட்டுப் பார்ப்பதும் நல்லது. எதைக் கேட்டாலும் தலையாட்டுபவர் முதல் கேள்விக்கும் அதற்கு நேர்மாறான கேள்விக்கும் ஒருசேரத் தலையாட்டுவார். அப்போது அந்தத் தலையாட்டலைப் பதிலாக எழுதக் கூடாது.

அவருக்கு முக்கியமானதும் அவர் நலனுக்கு முக்கியமானதும்

அமெரிக்காவில் இத்துறையில் பணியாற்றிய மைக்கேல் ஸ்மல் முன்வைத்த ஒரு பாகுபாடு நடைமுறையில் மிகவும் கைகொடுக்கிறது. ஒருவருக்குத் தம் மனத்தளவில் முக்கியமானவை ஒரு பக்கம்; அவருடைய உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் முக்கியமானவை மறுபக்கம். பராமரிப்புத் திட்டங்கள் இரண்டாவது பக்கத்தால் நிரம்பி வழிகின்றன. முதல் பக்கத்தை மட்டும் எழுதினாலும் அது பொறுப்பற்ற திட்டமாகிவிடும். இரண்டையும் அருகருகே எழுதிவைத்து, இரண்டும் ஒன்றாக வாழும் வழியைத் தேடுவதுதான் வேலை.

நீரிழிவு உள்ள ஒரு பெரியவர் தினமும் காலையில் தோ பாயோ காப்பிக் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை கூடிவிட்டது என்று பிள்ளைகள் அதை நிறுத்திவிட்டு, வீட்டிலேயே சர்க்கரையில்லாக் காப்பி போட்டுக் கொடுக்கிறார்கள். அவர் சாப்பாட்டில் ஆர்வமிழந்து நாள் முழுதும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடுகிறார். அவரிடம் பொறுமையாகக் கேட்டிருந்தால், முக்கியமானது இனிப்பன்று, முப்பது ஆண்டுகளாக அதே மேசையில் சந்திக்கும் நண்பர்களும், தம் காசைத் தாமே எடுத்துக் கொடுக்கும் நிமிடமும்தான் என்று தெரிந்திருக்கும். பாலும் சர்க்கரையும் சேர்க்காத ‘கோப்பி ஓ கோசோங்’ அந்தக் கடையிலும் கிடைக்கிறது. சர்க்கரை போகலாம், மேசை போக வேண்டியதில்லை.

இப்படிப் பிரித்துப் பார்க்கும்போது வழிபாடு, உணவு, உடை, உறவுகள் ஆகியவை எந்தப் பக்கத்தில் சேரும் என்பதில் கவனமாக இருங்கள். புரட்டாசி சனிக்கிழமையில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்குப் போவது, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பள்ளிவாசல் செல்வது, ஞாயிறன்று தமிழ்த் திருப்பலிக்குப் போவது ஆகியவற்றைத் திட்டத்தின் ஓரத்தில் ‘பொழுதுபோக்கு’ என்ற தலைப்பின் கீழ் எழுதியிருப்பதைக் காண நேர்ந்தால், அதை நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதேபோல் எல்லாத் தமிழ் முதியவர்களும் பக்திப் பாடல் கேட்க ஆசைப்படுவார்கள் என்று ஊகிப்பதும் கேட்காமல் முடிவெடுப்பதே. கால்பந்து ஆட்டம் மட்டுமே பார்க்க விரும்பும் தாத்தாக்களும் இருக்கிறார்கள்.

ஆபத்தைப் பற்றிப் பேசுங்கள், ஒளிக்காதீர்கள்

ஆபத்தை எதிர்கொள்ளும் உரிமையிலும் ஒரு மனித கண்ணியம் இருக்கிறது என்று 1972இல் ராபர்ட் பெர்ஸ்கி எழுதினார். அறிவுத்திறன் குறைபாடுடையோரைப் பாதுகாப்பு என்ற பெயரில் சிறு தவறுகூடச் செய்யவிடாமல் வைத்திருப்பது அவர்களைச் சிறுமைப்படுத்துகிறது என்பது அவர் வாதம். நம் குடும்பங்களில் இது மிகக் கடினமான பேச்சு. விழுந்துவிட்டால் யார் பார்ப்பது என்ற கேள்வி உண்மையானது. அந்தக் கேள்வியைக் கேட்பவரே பெரும்பாலும் வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டியவராகவும் இருக்கிறார். எனவே பராமரிப்பவரின் அச்சத்தைக் குறையாகப் பார்க்காமல், அதையும் மேசைமேல் வைத்துப் பேச வேண்டும்.

ஈசூனில் வசிக்கும் ஒருவர் வாரம் ஒருமுறை தனியாகத் தேக்காவுக்கு ரயிலில் போய்வர விரும்புகிறார் என்றால், எது தவறாகப் போகக்கூடும், அதற்கு எவ்வளவு வாய்ப்பு, போகாவிட்டால் அவர் எதை இழக்கிறார், வாய்ப்பைக் குறைக்க என்ன செய்யலாம் என்ற வரிசையில் பேசிப் பாருங்கள். கூட்டமில்லாத முற்பகல் நேரம், சட்டைப்பையில் பெயரும் அவசரத் தொலைபேசி எண்ணும் உள்ள அட்டை, முதல் சில வாரங்களுக்குத் துணை, குறித்த நேரத்தில் ஓர் அழைப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால், தடை செய்வதா விட்டுவிடுவதா என்ற இரண்டு முனைகளுக்கும் நடுவே நடக்கக்கூடிய வழி அமையும். பேசி முடித்ததை, யார் எதற்கு ஒப்புக்கொண்டார் என்பதோடும் மறுபடி எப்போது பார்ப்பது என்பதோடும் எழுதிவையுங்கள். பிறகு ஏதேனும் நேர்ந்தால் குடும்பத்துக்குள் ஒருவரையொருவர் பழிக்காமல் இருக்க அந்தத் தாள் உதவும்.

பணிப்பெண்ணைக் கண்காணிப்பதற்காக என்று சொல்லி அறைக்குள் படக்கருவி பொருத்தும் வழக்கம் இப்போது சர்வசாதாரணமாகிவிட்டது. அந்த அறை யாருடையதோ அவர் அங்கே உடை மாற்றுகிறார், அழுகிறார், பிரார்த்திக்கிறார். அவரைக் கேட்காமல் அதைப் பொருத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. துன்புறுத்தல் நடப்பதாக உண்மையாகவே ஐயம் இருந்தால் அது வேறு விஷயம். எளிதில் பாதிக்கப்படக்கூடிய பெரியவர்களைப் பாதுகாக்க 2018ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, உதவி நாட வழிகளும் இருக்கின்றன.

யாரைச் சேர்ப்பது

திட்டமிடும் கூட்டத்துக்கு யார் வர வேண்டும் என்பதை உரியவரே சொல்லட்டும். யார் வரக் கூடாது என்பதையும் அவர் சொல்லலாம். பெரியப்பா வந்தால் வாய் திறக்கமாட்டேன் என்று ஓர் இளைஞர் சொன்னால், பெரியப்பாவுக்கு வருத்தம் வராமல் அதைச் சமாளிப்பது பெற்றோரின் பொறுப்பு. ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். சம்பளத்துக்காக அல்லாமல் அவர்மீதுள்ள பற்றினால் வருபவர் ஒருவராவது குடும்பத்துக்கு வெளியிலிருந்து இருந்தால் நல்லது. பள்ளித் தோழர், கீழ்வீட்டுக்காரர், துடிப்பாக மூப்படையும் நிலையத்தில் பழக்கமானவர் என்று யாராகவும் அவர் இருக்கலாம். பணிப்பெண் இருந்தால் அவரை அவசியம் அமரச் செய்யுங்கள். காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போகச் சொல்லாதீர்கள். இரவு எத்தனை முறை எழுகிறார், எதற்குச் சிரிக்கிறார் என்பது அவருக்கே அதிகம் தெரியும். கூட்டத்தை வீட்டிலோ அவருக்குப் பழக்கமான இடத்திலோ நடத்துங்கள். அவர் களைத்துவிட்டால் அன்றைக்கு அத்துடன் நிறுத்துங்கள்.

ஒரு பக்கத்தில் எழுதுவது

கூட்டத்தில் சேர்ந்ததையெல்லாம் நீண்ட அறிக்கையாக்கினால் எவரும் படிக்கமாட்டார்கள். மாறிக்கொண்டே இருக்கும் பணிமுறையில் வரும் ஒரு தாதி இரண்டு நிமிடத்தில் வாசித்துவிடக்கூடிய ஒரே பக்கம் வேண்டும். அவர் நிழற்படம், மற்றவர்கள் அவரிடம் பாராட்டும் குணங்கள், அவருக்கு முக்கியமானவை, அவருக்கு எப்படி உதவினால் நன்றாக இருக்கும் என்பவை போதும். அவர் பேசும் சொற்களிலேயே, தன்மை இடத்தில் எழுதுங்கள். பொதுவான வாக்கியங்கள் பயன்படா. ‘இசை பிடிக்கும்’ என்று எழுதுவதைவிட ‘காலையில் குளித்து முடித்ததும் ஒலி 96.8 வானொலியை மெல்லிய சத்தத்தில் வைக்க வேண்டும், சாப்பிடும்போது அணைத்துவிட வேண்டும்’ என்று எழுதினால்தான் புதிதாக வருபவருக்கு என்ன செய்வதென்று தெரியும். ‘சைவம்’ என்று மட்டும் எழுதாமல் எந்தக் கிழமைகளில், முட்டை சேருமா, ஒரே கரண்டியால் பரிமாறலாமா என்று எழுதுங்கள். நோய்களின் பட்டியல் இந்தப் பக்கத்துக்கு வேண்டியதில்லை. அது மருத்துவக் குறிப்பில் இருக்கிறது. அடையாள அட்டை எண்ணும் பண விவரமும் இதில் இருக்கவே கூடாது.

இங்குள்ள நிலையங்களிலும் தாதிமை இல்லங்களிலும் பிலிப்பீன்ஸ், மியன்மார், சீனா, இந்தியா எனப் பல நாடுகளைச் சேர்ந்தவர்கள் பணியாற்றுகிறார்கள். எனவே தமிழில் எழுதிய பக்கத்துக்கு ஆங்கில வடிவமும் அவசியம். அதன் அடியில், அவர் வழக்கமாகச் சொல்லும் பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொற்களை, தண்ணி, வலிக்குது, போதும், குளிருது, பாத்ரூம் போகணும் என்பவற்றை, ஊழியர்கள் வாசிக்கக்கூடிய எழுத்தில் பொருளோடு கொடுங்கள். மறதி நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் மறைந்து, தாய்மொழி மட்டுமே எஞ்சுவது பலரிடம் காணப்படுகிறது; அந்தக் கட்டத்தில் இந்தச் சிறு பட்டியல் அவருடைய குரலாகிவிடும்.

சேவைகளிடம் கொண்டுசெல்வது

இப்போதுதான் சேவைகளின் முறை வருகிறது. மூத்தோருக்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பையும், உடற்குறையுள்ளோருக்கு எஸ்ஜி எனேபல் அமைப்பையும் அணுகுங்கள்; பிந்தையதன் ‘எனேபலிங் வில்லேஜ்’ வளாகம் ரெட்ஹில் வட்டாரத்தில் லெங்கோக் பாருவில் இருக்கிறது. பிள்ளை இன்னும் சிறப்புக் கல்விப் பள்ளியில் படிக்கிறார் என்றால், பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்குத் தயார்செய்ய 13 வயது வாக்கில் தொடங்கும் தனிநபர் மாறுநிலைத் திட்டத்தைப் பற்றி ஆசிரியரிடம் கேளுங்கள். அந்தக் கூட்டங்களுக்குப் பிள்ளையும் வருகிறாரா, அவர் விருப்பம் எந்த வரியில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 17 வயதில் விழித்துக்கொள்ளும் குடும்பங்களுக்குத் தெரிவுகள் குறைந்துவிடுகின்றன.

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளதைப் போல ஒருவருக்கென்று ஒதுக்கப்படும் தொகையை அவரே பிரித்துச் செலவிடும் ஏற்பாடு இங்கே பரவலாக இல்லை. உதவித் தொகையில் பெரும்பகுதி சேவை நிறுவனத்தின் கட்டணத்தைக் குறைக்கும் வடிவிலேயே வருகிறது. ஆகவே எவற்றை மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்று தெரிந்துகொள்வது பயனுள்ளது. குளிக்கும் நேரம், குளிப்பாட்டுபவர் பெண்ணா ஆணா, உணவு, உட்காரும் இடம், எந்த நடவடிக்கையில் சேர்வது, எந்தக் கிழமைகளில் வருவது என்பவற்றில் பெரும்பாலான நிலையங்கள் இணங்கிப் போக முடியும், கேட்டால். ஊழியர் எண்ணிக்கையையும் வேன் புறப்படும் நேரத்தையும் மாற்றுவது அவர்களுக்கும் கடினம். ஓர் இடத்தைப் பார்வையிடப் போகும்போது வசதிகளைப் பற்றிக் கேட்பதைவிட, ‘இங்கே ஒருவர் காலை உடற்பயிற்சிக்கு வரமாட்டேன் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதில் அந்த இடத்தைப் பற்றி நிறையச் சொல்லும்.

ரொக்கமாக வருவது சில உண்டு. கேர்ஷீல்டு லைஃப், அதற்கு முந்தைய எல்டர்ஷீல்டு ஆகியவற்றின் மாதத் தொகை காப்புறுதி எடுத்தவருடையது. கழுவுதல், உடுத்தல், உண்ணுதல், கழிவறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றைத் துணையின்றிச் செய்ய முடியாத நிலையில் அது வழங்கப்படுகிறது. அந்தப் பணம் வீட்டுச் செலவோடு கலந்துவிடுவதற்கு முன் அதில் ஒரு பகுதியை எப்படிச் செலவிடலாம் என்று அவரையே கேளுங்கள்.

பத்திரங்கள்

நீண்டகால அதிகாரப் பத்திரம் 21 வயது நிரம்பிய, ஆற்றலுள்ள ஒருவர் தாமே செய்வது. பிள்ளைகள் அவருக்காகச் செய்ய முடியாது. தனிப்பட்ட நலன், சொத்தும் நிதியும் என்ற இரு துறைகளில் யார் தம் சார்பில் முடிவெடுக்கலாம் என்று அவர் குறிப்பிடுகிறார். அந்த அதிகாரம் அவர் ஆற்றலை இழந்த பிறகே செயல்படும். 2022 நவம்பரிலிருந்து இணையத்தின் வழி செய்ய முடிகிறது என்றாலும், அங்கீகாரம் பெற்ற மருத்துவர், வழக்கறிஞர், மனநல மருத்துவர் ஆகியோரில் ஒருவர் அவரை நேரில் சந்தித்து, அவர் புரிந்துகொண்டு தம் விருப்பப்படியே செய்கிறார் என்று சான்றளிக்க வேண்டும். அந்தச் சந்திப்பில் பிள்ளைகள் அறைக்கு வெளியே காத்திருப்பது முறை.

இந்தப் பத்திரம் எதைச் செய்யாது என்பதைக் குடும்பங்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்கின்றன. நியமிக்கப்பட்டவர் அவர் சார்பில் திருமணத்துக்குச் சம்மதிக்கவோ, மதம் மாற்றவோ, உயில் எழுதவோ, மத்திய சேம நிதி நியமனத்தை மாற்றவோ முடியாது. உயிர்காக்கும் சிகிச்சை பற்றிய முடிவும் அவர் கையில் இல்லை. அதை மருத்துவரே நோயாளியின் நலனைக் கருதி எடுப்பார். அதனால்தான் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் தனியாகத் தேவைப்படுகிறது. பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருக்க, எந்தச் சிகிச்சையை எந்த அளவுக்கு விரும்புகிறார், கடைசி நாள்களை எங்கே கழிக்க விரும்புகிறார், அவர் சார்பில் மருத்துவக் குழுவிடம் யார் பேச வேண்டும் என்பவை அதில் பதிவாகின்றன. சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணமன்று என்றாலும், மருத்துவர் தேடுவது இதைத்தான். இதிலிருந்து வேறுபட்டது 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் செய்யப்படும் முன்கூட்டிய மருத்துவ உத்தரவு. மரணம் நெருங்கிவிட்ட, குணமாக வழியில்லாத நோயில் செயற்கையாக உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று சொல்லும் அந்த உத்தரவு சட்டப்படி கட்டுப்படுத்தும், இரண்டு சாட்சிகளில் ஒருவர் மருத்துவராக இருக்க வேண்டும்.

அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளை 21 வயதை எட்டும்போது, பெற்றோர் நேரே குடும்ப நீதிமன்றத்தில், அவர் சார்பில் முடிவெடுக்கும் பிரதிநிதியாக நியமனம் கோர விரைகிறார்கள். அதற்கு முன், அவரே அதிகாரப் பத்திரம் செய்யக்கூடிய ஆற்றல் உள்ளவரா என்று மருத்துவரிடம் கேட்டறியுங்கள். இலேசான குறைபாடுள்ள சிலரால் அது முடியும். நியமனமே தேவையென்றாலும், பிரதிநிதிக்குத் தரப்படும் அதிகாரம் பரப்பிலும் காலத்திலும் இயன்றவரை குறுகியதாக இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் நிலை. தேவையானதை மட்டும் கேளுங்கள். பெற்றோரின் காலத்துக்குப் பிறகான பண ஏற்பாட்டுக்குச் சிறப்புத் தேவைகள் அறக்கட்டளை நிறுவனம் இருக்கிறது. அங்கே பெற்றோர் எழுதித் தரும் விருப்பக் கடிதத்தில், மேலே சொன்ன ஒரு பக்கத்தையும், பிள்ளை தம் வாயால் சொன்னவற்றையும் அப்படியே சேர்த்துவிடுங்கள்.

திரும்பிப் பார்ப்பது

எழுதியது நடக்கிறதா என்று முதல்முறை ஒன்றரை மாதத்துக்குள் பாருங்கள். எது சரியாகப் போகிறது, எது போகவில்லை என்று உரியவர், குடும்பம், ஊழியர் ஆகிய மூன்று தரப்பினரையும் தனித்தனியே கேட்டால் பதில்கள் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத இடத்தில்தான் வேலை இருக்கிறது. அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், மருத்துவமனையில் தங்க நேர்ந்தாலும், துணைவர் இறந்தாலும், வீடு மாறினாலும், புதிய பணிப்பெண் வந்தாலும் பக்கத்தைத் திருத்துங்கள். பணிப்பெண்கள் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்போது பல வீடுகளில் அவரோடு சேர்ந்து விவரங்களும் போய்விடுகின்றன. இருவரும் சில நாள்கள் ஒன்றாக இருக்கும்படி ஏற்பாடு செய்து, போகிறவரையே அந்தப் பக்கத்தில் விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

சிலர் இதையெல்லாம் பேசவே மறுப்பார்கள். சாவைப் பற்றிப் பேசுவதாகவோ தம்மை வெளியே அனுப்பத் திட்டமிடுவதாகவோ அவர்களுக்குத் தோன்றும். அப்போது பெரிய கேள்விகளை ஒதுக்கிவிட்டு, இந்த வாரமே மாற்றித் தரக்கூடிய ஒரு சிறு விஷயத்தைக் கேட்டு, அதை உண்மையிலேயே மாற்றிக் காட்டுங்கள். இரவு உணவு ஆறு மணிக்கு வேண்டாம், எட்டு மணிக்கு வேண்டும் என்றால் எட்டு மணிக்கே கொடுங்கள். தாம் சொன்னது நடந்தது என்று கண்டவர் அடுத்ததைத் தாமாகவே சொல்லக்கூடும். சொல்லாவிட்டால் சில மாதங்கள் கழித்து மறுபடி கேட்கலாம்.